பித்தம் தலைக்கேறிய கதை

கணவர்: நேற்று உன் அண்ணன் முன்னிலையில் என்னைப் பைத்தியம் என்றாயே, அச்சொல்லின் பொருளை அறிந்துதான் சொன்னாயா?

மனைவி: கூரை ஒழுகுகிறது என்று நான் சொன்னதும், குடையை விரித்துக்கொண்டு குளிக்கப் போன மனிதரை வேறு எப்படி அழைப்பதாம்?

கணவர்: வாதம், பித்தம், கபம் ஆகிய மூன்றில் பித்தம் வரம்பு மீறினால் அறிவு தடுமாறும் என்று பழைய வைத்தியர்கள் கருதினார்கள், அந்தப் பித்தத்தின் அடியாக வடமொழியில் பிறந்த சொல்தான் தமிழுக்கு வந்து பைத்தியம் ஆயிற்று. கிரேக்கர்களும் மனச்சோர்வுக்குக் கரும்பித்தம் என்று பொருள்படும் பெயரையே வைத்தார்கள். ஆகவே, நீ என்னைத் திட்டவில்லை. என் நோயைக் கண்டறிந்து சொல்லியிருக்கிறாய்.

மனைவி: பித்தம் கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் தங்கும் என்றல்லவா படித்தேன்? உங்களுக்கு வேறு இடம் காலியாக இருந்திருக்கிறது. போகட்டும், இனி வள்ளுவர் வழங்கிய 'மையல்' என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

கணவர்: மையலா! இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்மீது உனக்குக் காதல் மயக்கமா?

மனைவி: மதம் பிடித்த யானையின் நிலையையும் அப்படித்தான் சொல்வார்கள், அவசரப்படாதீர்கள். 838ஆம் குறளில் மையல் என்றால் பித்துப் பிடித்தவன். பேதையின் கையில் பொருள் கிடைப்பது, அத்தகையவன் கள்ளும் குடித்துக் களிப்பதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். உங்கள் சம்பளத்தை மாதந்தோறும் நான் வாங்கி வைத்துக்கொள்வது அதனால்தான்.

கணவர்: அடுத்து உன்மத்தம் என்பாய் போலிருக்கிறது.

மனைவி: அதைச் செடிக்குக் கொடுத்தாயிற்று; தின்றவரை உளறவைப்பதால் ஊமத்தைக்கு அந்தச் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. நீங்களோ எதையும் தின்னாமலேயே உளறுகிறீர்கள்.

கணவர்: சிரிக்காதே. 'நீ என் அடிமை' என்று உரிமை கொண்டாடி ஓலையோடு வந்த முதியவரைச் சுந்தரர் 'பித்தன்' என்று ஏசினார். வழக்கில் வென்ற பின்பு, தன்னை ஏசிய சொல்லையே முதலாகக் கொண்டு பாடச் சொன்னார் முதியவராக வந்த இறைவன், 'பித்தா பிறைசூடி' என்ற பதிகம் பிறந்தது. நீயும் ஏசிவிட்டாய், இனி பாட வேண்டியதுதானே பாக்கி?

மனைவி: அந்த முதியவர் சுந்தரரின் திருமணம் நடந்து முடிவதற்குள்ளேயே வந்து அதைத் தடுத்தாரே! நம் கல்யாணத்தன்று பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஓலையோடு ஒருவரும் வரவில்லை.