பில் யார் கையில், பணம் யார் கணக்கில்

"மாதாமாதம் ஜீவனாம்சம் போடுகிறேனே, ஆஸ்பத்திரிச் செலவும் அதற்குள்தானே அடங்கும்?" என்று, மகளின் மருத்துவச் செலவைப் பற்றி, விவாகரத்தான நானே மூன்று வருடங்களுக்கு முன் கேட்டிருக்கிறேன். சட்டத்தைப் பார்த்தால் அது முழுக்கத் தவறான கேள்வியும் அல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், உணவு, உடை, இருப்பிடம், கல்வி ஆகியவற்றோடு மருத்துவச் சிகிச்சையையும் பராமரிப்பில் சேர்த்தே சொல்கிறது. பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர் மீதும் வைக்கிறது. ஆனால் மாதத் தொகையைப் பேசி முடிக்கும்போது யாரும் காய்ச்சல், இருமலுக்கு மேல் கணக்குப் போடுவதில்லை.

விவாகரத்துக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தில் கொடுத்த ஒப்பந்தமான கூட்டு மெமோவில், மருத்துவச் செலவை இருவரும் சமமாக ஏற்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. எட்டு வயதில் மகளுக்கு முழங்கை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைக்க வேண்டியிருந்தபோதுதான் அந்த வரியின் ஓட்டைகள் தெரிந்தன. அவள் பெயர் என் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் இருந்தது. கேஷ்லெஸ்ஸுக்கு, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவதற்கு, என் அடையாள அட்டையும் கையெழுத்தும் கேட்டார்கள். நானோ புனேயில் இருந்தேன். அவளுடைய அம்மா நகையை அடகு வைத்து 1,12,000 ரூபாய் கட்டி, அசல் பில்களை எனக்குக் கூரியரில் அனுப்பினார். நான் விண்ணப்பித்தேன், 84,000 ரூபாய் வந்தது, என் சம்பளக் கணக்குக்கு. கட்டியவர் ஒருவர், பணம் வந்து சேர்ந்தது இன்னொருவரிடம். 19 நாட்கள் அது அங்கேயே கிடந்தது. இடையில் என் கார் தவணையும் அதிலிருந்துதான் போனது. "பில் எல்லாம் சரியா இருந்துச்சா? நகைக்கு வட்டி ஏறுது" என்று அவர் வாட்ஸப்பில் கேட்ட பிறகே மாற்றினேன். இதில் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நியாயமும் இல்லை.

மீதி 28,000 ரூபாயில் ஆளுக்குப் பாதி என்றால் 14,000. அவருடைய அப்போதைய சம்பளத்தில் அது பாதிக்கும் மேல், எனக்கு அப்படியல்ல. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்விச் செலவைப் பொதுவாகத் தந்தையே ஏற்க வேண்டும் என்றும், மனைவியும் போதிய வருமானம் ஈட்டினால் அதை விகிதப்படி பகிரலாம் என்றும் சொன்னது. மருத்துவச் செலவுக்கும் அந்த விகிதமே பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வதால், விகிதம் போடத் தேவையான எண்கள் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கும்.

ஆகவே மெமோ எழுதும்போதே, என்ன விகிதம், பில் அனுப்பி எத்தனை நாளுக்குள் பங்கைத் தர வேண்டும், க்ளெய்ம் பணம் வந்தால் அது முதலில் யாருக்குச் சேரும், அவசரமற்ற சிகிச்சைக்கு மற்றவரிடம் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். வழக்கறிஞர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். எழுதாமல் விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, விவாகரத்துக்குப் பிறகும் பிள்ளைகள் தொடர்பான உத்தரவை மாற்றக் கோரி மனுப் போடலாம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நாட்களுக்கு மகளின் அம்மா இழந்த சம்பளத்தை மட்டும் எந்த பில்லிலும் சேர்க்க முடியவில்லை.

இப்போது இன்சூரன்ஸ் அட்டையின் நகல் அவர் போனிலும் இருக்கிறது. க்ளெய்ம் பணத்தை வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன். மகளுக்குப் பல் கம்பி போடுவது அவசியமா, அழகுக்கா என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.