குறிப்பு பொய் சொல்லவில்லை, சார்

நான் போட்ட போன ஞாயிறு குறுக்கெழுத்துப் புதிரின் ஸ்க்ரீன்ஷாட் எங்கெல்லாம் சுற்றுகிறது என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள், "பார்த்தீங்களா?" என்று அக்கறையோடு. பார்த்தேன். "எழுத்து எண்ணத் தெரியாதவரெல்லாம் புதிர் போட வந்துவிட்டார்" என்று ஒரு சார் எழுதிய வரியையும், அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்பு முகங்களையும் பார்த்தேன். பாதிப் பேர் நம்ம நட்பு வட்டம்தான். இருக்கட்டும்.

என் புதிர் கிரிப்டிக் வகை: குறிப்பு சாதாரண வாக்கியம் போல இருக்கும், விடைக்கு வழி அதன் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். அவர்கள் சிரித்த குறிப்பு இதுதான், அடைப்புக்குறிக்குள் விடையின் எழுத்து எண்ணிக்கை: கடல் முகப்பில் மீனுக்கு விரித்தது மனத்தை அரிக்கும் (3).

மீனுக்கு விரிப்பது வலை, வலை இரண்டெழுத்து, ஆகவே எனக்கு எண்ணத் தெரியாது. இது சாருடைய முதல் வாதம். விடை வந்ததும் வாதம் மாறிவிட்டது: "இது ஏமாற்று வேலை."

எங்கே ஏமாற்றினேன்? 'கடல்' என்ற சொல்லின் முகப்பில் நிற்பது க. மீனுக்கு விரித்தது வலை. சேர்த்தால் கவலை. அது மனத்தை அரிக்கும். மூன்றெழுத்து. படித்ததும் கடற்கரையும் படகும் கண்ணில் வந்ததா? அது நான் போட்ட திரை. திரை போடுவதுதான் இதில் வேலையே. ஆனால் குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு இருக்கிறது. குறிப்பு பொய் சொல்லவில்லை.

இந்த ஒழுங்கை நான் கண்டுபிடிக்கவில்லை. ஜிமனீஸ் என்ற புனைபெயரில் லண்டன் அப்சர்வர் பத்திரிகையில் புதிர் போட்ட மாக்நட் 1966-லேயே புத்தகமாக எழுதி வைத்துவிட்டார். விடையின் பொருள் சரியாக இருக்க வேண்டும், விடையை அடைய நேர்மையான இன்னொரு வழியும் இருக்க வேண்டும், வேறெதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உடனே ஒருத்தர் வருவார், "அதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, தமிழுக்கு ஒட்டாது" என்று. தண்டியலங்காரம் என்ற பழைய அணி இலக்கண நூலில் வினாவுத்தரம் என்று ஓர் அணி உண்டு, ஐயா. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர்? அம்பு. அழகுக்கு? அம். பிறை சூடியவன் விரும்பி உறையும் இடம்? எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: திருவேகம்பம். இதுவும் என் 'ஏமாற்று வேலை'யும் ஒரே தொழில்தான். தண்டியாசிரியருக்கும் ஒரு சிரிப்பு முகம் போட்டுவிடுங்களேன்.

கட்டத்துக்கு ஓர் உயிர்மெய் என்பதால் தமிழில் எழுத்துகளைக் குலுக்கிப் போட இடம் குறைவு என்கிறார்கள். உண்மைதான். ஆங்கிலத்தில் ஏழெழுத்தைக் குலுக்கினால் வேறு சொல் விழும். நமக்குக் கா, கி, கூ எல்லாம் தனித்தனிக் கட்டம். ஆனால் சொல்லைப் பிளக்கிற வசதி நமக்கு எவ்வளவு! 'கொடு மான் குளத்தில் பூத்தது (3)' என்றால், கொடு என்பது தா, மான் என்பது மரை, சேர்த்தால் தாமரை. புணர்ச்சி விதி இடிக்குமே என்பவர்களுக்குப் பதில் சொல்ல இன்று எனக்குத் தெம்பு இல்லை.

அப்புறம், அதே ஸ்க்ரீன்ஷாட்டின் கீழே ஒருத்தர் போட்ட 'படிச்சவங்க திமிர்' கமெண்ட். அதுதான் சுட்டது. என் அத்தை எட்டாவதோடு நின்றவர். ஞாயிறு மலரை நாலாக மடித்துத் திண்ணையில் வைத்துக்கொண்டு, கட்டைப் பென்சிலால் கட்டம் நிரப்புவார். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் வரும்போது பேப்பரைத் திருப்ப மாட்டார், தலையைச் சாய்த்துக்கொள்வார். அடைப்புக்குறிக்குள் 'கலைந்துள்ளது', அதாவது விடையின் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன என்று போட்டிருந்தால் குஷி. எழுத்துகளை ஓரத்தில் வட்டமாக எழுதி வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் சொல் தெரிந்துவிடும். 'கலைந்துள்ளது' என்று சொன்னால் தமிழ், அதையே அடைப்புக்குறியை எடுத்துவிட்டு வாக்கியத்துக்குள் வைத்தால் திமிரா?

நான் முதன்முதலில் போட்ட புதிரை அத்தையிடம்தான் காட்டினேன். "என்னடா இது, சாதாரணமா பேசுற மாதிரி இருக்கு, உள்ள பூரா திருட்டுத்தனம்" என்று திட்டினார். ஆனால் போட்டு முடித்த பிறகு திட்டினார், சார். முயற்சி பண்ணுவதற்கு முன்னால் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் டிரெயினில் ஆங்கிலப் பேப்பரை மடித்து கிரிப்டிக் போடுகிறவரைப் பார்த்தால் நமக்கெல்லாம் மரியாதை பொங்கும். அங்கே புரியவில்லை என்றால் 'எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது' என்று அடக்கமாகச் சொல்வோம். தமிழில் புரியவில்லை என்றால் மட்டும் புதிர் போட்டவன் முட்டாள். அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் இந்த வகைப் புதிரைத் தமிழில் போட்டிருக்கிறார். அவற்றில் முட்டி மோதித்தான் நான் கற்றுக்கொண்டேன். ஒரு குறிப்பு பிடிபடாமல் ராத்திரி தூக்கம் கெட்டதுண்டு. அவர் மேல் கோபம் வந்ததில்லை.

நான் இதற்குக் காசு வாங்கவில்லை. பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள், வருத்தமில்லை. சரி, கொஞ்சம் வருத்தம்தான்.

வரும் ஞாயிறு புதிர் வழக்கம்போல வரும். விடையைத் தயவுசெய்து கமெண்டில் போடாதீர்கள், இன்பாக்ஸில் அனுப்புங்கள். மத்தவங்களும் போட்டுப் பார்க்கட்டும்.