காணியைப் பிரதேச சபையிடம் கேட்காதீர்கள், கானைக் கேளுங்கள்

மலையகத் தோட்டங்களில் பிரதேச சபைத் தேர்தல் வந்துவிட்டால் லயத்துக்கு லயம் ஒரே வாக்குறுதி: "நாங்க வந்தா மரக்கறி போடக் காணி வாங்கித் தருவோம்." எந்த அதிகாரத்தில் என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, 1992க்குப் பிறகு கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. அதைப் பிரித்துக் கொடுக்கப் பிரதேச சபையால் முடியாது. சபையால் முடிவது பாதை, கான் (வடிகால்), தண்ணீர், சந்தை. தோட்டத்துக்குள் அதைச் செய்யவும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்குப் போகும் பாதையையும் கானையும் கேளுங்கள். லொறி வராத இடத்தில் கோவா மூட்டையைச் சுமந்து இறக்கும் கூலியே லாபத்தைத் தின்றுவிடும்.

ஏற்கனவே பத்து இருபது குடும்பம் சேர்ந்து பயிர் செய்யும் காணியில் சிக்கல் வேறு. மேல் பாத்திக்காரர் உருளைக்கிழங்குக்குச் சரிவின் போக்கிலேயே சால் இழுத்தால், ஒரு பெருமழையில் அவருடைய மேல்மண் கீழ்ப் பாத்தியை மூடும். கோவாவின் வேர் வீங்கி முண்டு முண்டாகும் நோய் இன்னும் மோசம். அதன் வித்து ஓடும் தண்ணீரிலும் மம்பட்டியில் ஒட்டிய சேற்றிலும் பரவும், பல வருடம் மண்ணில் கிடக்கும். ஒருவர் மட்டும் மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டுப் பயனில்லை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவது, மழைக்கு முன் அதைத் தூர்வாருவது, கோவா போட்ட இடத்தில் அடுத்த போகங்களுக்கு முள்ளங்கி, நோகோல் போன்ற அதே குடும்பப் பயிரைத் தவிர்த்து லீக்ஸோ போஞ்சியோ போடுவது, இதெல்லாம் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

அந்த முடிவைத் தொழிற்சங்கத் தலைவரிடம் விடாதீர்கள். தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றவரின் பாத்திக்குப் பீலித் தண்ணீரை நிறுத்துவது மலையகத்தில் நடக்கக் கூடாத அநியாயம். கட்சிப் பதவியில் இல்லாதவர்களைக் கொண்டு தனிக் குழு அமையுங்கள். கமநல சேவை நிலையத்தில் கமக்காரர் அமைப்பாகப் பதிய முடியுமா என்று நேரில் போய் விசாரியுங்கள். தண்ணீர் முறையை நாள், நேரத்தோடு எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பாத்தியையும் பேர்ச் கணக்கில் அளந்து, எல்லையில் கல் நட்டு, கொப்பியில் ஏற்றுங்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து அந்தப் பாத்தியில் களை பிடுங்குவது பெண்கள்தான். அந்தக் கொப்பியில் கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்க வேண்டும்.