வெட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்

பழைய மேசைவிரிப்பை வெட்டி ஜாக்கெட் தைக்கும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. கைவேலைப் பூக்கள் நிறைந்த வெள்ளைத் துணியை விரிக்கிறார்கள், மேலே காகித அளவு வைக்கிறார்கள், கத்தரிக்கோல் இறங்குகிறது. அடுத்த நொடி தோளில் ஒரு பூ, முதுகில் ஒரு பூ. தையல் நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் நான் பார்த்த வீடியோக்களில் யாருமே வெட்டுவதற்கு முன் துணியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது. கைவேலை, பழைய பொருள் சந்தை, துணியை வைத்துச் செய்யும் புதுப்புதுக் கலைச் சோதனைகள் என்று இவற்றோடேயே என் நாட்கள் போவதால், இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய துணியை வெட்டவே கூடாது என்பது என் கட்சி இல்லை. வெட்டியும் கிழித்தும் ஒட்டியும்தான் உலகத்தின் அழகான துணிகள் பல பிறந்திருக்கின்றன. வங்காளத்தின் காந்தா அப்படி வந்ததுதான். நைந்துபோன புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் ஒன்றாக்கி, அதற்கு வேண்டிய வண்ண நூலையும் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொண்டார்கள். கரையிலிருந்து நூலை உருவ வேண்டுமென்றால் எந்த இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எது இன்னும் பலமாக இருக்கிறது, எது இழுத்தால் அறுந்துவிடும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் துணியைப் படித்துவிட்டுத்தான் பிரித்தார்கள். நான் கேட்பது அந்தப் படிப்பை மட்டும்தான்.

சரி, எப்படிப் படிப்பது? பின்பக்கத்தில் தொடங்குங்கள். முன்பக்கம் பிறர் பார்ப்பதற்காகச் செய்தது. வேலை எப்படி நடந்தது என்பது பின்னால்தான் தெரியும். கையால் போட்ட பூவேலையில் நூல் ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்குத் தாவிப் போன இடம் தெரியும். நூல் தீர்ந்து புது நூல் கோத்த இடம் தெரியும். வால்நூலைத் தையலுக்கு அடியில் சொருகியிருப்பார்கள், அல்லது முடிச்சுப் போட்டிருப்பார்கள். மெஷின் எம்பிராய்டரியில் பெரும்பாலும் பின்னால் பாபின் நூல், அதாவது அடியில் சிறு உருளையிலிருந்து வரும் நூல், தனியாக ஓடும். மேலே சிவப்பும் பச்சையுமாக இருந்தாலும் அடியில் எல்லா இடத்திலும் ஒரே வெள்ளை நூல் தெரிந்தால் அது மெஷின் வேலை. சங்கிலித் தையலில் மட்டும் அவசரப்படாதீர்கள். பாபின் இல்லாமல் ஒற்றை நூலில் சங்கிலி போடும் மெஷின்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. வளைவுகளிலும் முனைகளிலும் தையலின் நீளம் கொஞ்சமாவது மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வயதைக் கண்டுபிடிக்க எல்லோரும் ஜிப்பைப் பார்க்கச் சொல்வார்கள். உலோகப் பல் என்றால் பழசு, நைலான் சுருள் என்றால் பெரும்பாலும் 1960களுக்குப் பிந்தையது. உபயோகமான குறிப்புதான். ஆனால் ஜிப் என்பது மாற்றக்கூடிய பொருள், உலோக ஜிப் இன்றைக்கும் தயாராகிறது. ஆகவே அதைத் தைத்திருக்கும் நூல் மற்ற தையல்களோடு ஒத்துப்போகிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துவைக்கும் முறை அச்சடித்த லேபிள் இருந்தால் அதுவும் ஒரு தடயம். அமெரிக்காவில் அது கட்டாயமானது 1972இல். துணி எதனால் ஆனது என்று தெரியவில்லையா? உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும்.

பட்டு என்று தெரிந்தவுடன் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த பட்டில் ஒரு சிக்கல் உண்டு. பட்டின் பசையை நீக்கினால் எடை குறையும். பட்டோ எடைக்கு விற்பது. குறைந்த எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்பு போன்றவற்றை இழையில் ஏற்றினார்கள். அந்தத் துணிக்கு நல்ல கனமும் சரசரப்பும் கிடைத்தன, ஆனால் உள்ளேயே அழிவும் தொடங்கிவிட்டது. இன்று அந்த உடைகளின் மடிப்பில் பட்டு நேர்நேராகக் கிழிந்து, தொட்டால் பொடியாகிறது. தைத்தால் ஊசித் துளையிலேயே மேலும் பிளக்கும். அதைப் போட்டுக்கொள்ளவும் முடியாது, வெட்டித் தைக்கவும் முடியாது. வெட்டு, மடிப்பு, உள்தையல் ஆகியவற்றைப் பார்த்துக் கற்கத்தான் அது உதவும்.

குரோஷேவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நேரம் பேச வேண்டும். ஸ்வெட்டர் போன்ற பின்னலுக்கு மெஷின் உண்டு, லேசுக்கு உண்டு, எம்பிராய்டரிக்கு உண்டு. குரோஷேவை அப்படியே போடும் மெஷின் இன்றுவரை ஆலைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. அதுபோலத் தோன்றும் மெஷின் துணிகள் வேறு வகைப் பின்னல். கொக்கி ஊசியால் ஒரு கண்ணியை எடுத்து, அதற்குள் நூலை இழுத்து, அடுத்ததற்குப் போகிற அந்த வேலையை ஒரு மனிதக் கைதான் செய்ய வேண்டும். பழைய பொருள் சந்தையில் தட்டு விரிப்புகள் குவியலாகக் கிடக்குமே, யாரும் இரண்டாம் முறை பார்க்காத அந்தக் குவியலில் உள்ள ஒவ்வொரு குரோஷேவும் யாரோ உட்கார்ந்து கண்ணி எண்ணிப் போட்டது. புதுக்கடையில் மலிவு விலையில் தொங்கும் குரோஷே மேல்சட்டையும் அப்படித்தான். மெஷின் போட்டதாக இருக்கும், அதனால்தான் மலிவு என்று நினைத்து வாங்குகிறோம். நிஜமான குரோஷே என்றால் மெஷின் போட்டிருக்க வழியே இல்லை. அப்படியானால் அந்த விலையில் போட்டவருக்கு என்ன போயிருக்கும்? துணிக் கலையைப் பற்றி உயர்வாகப் பேசுகிற நாம் இந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகப் படவில்லை. கைவேலையை வாங்கும்போது பேரம் பேசுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பதும் இதுதான்: ஒரே ஒரு சிறிய வட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்கள், அப்புறம் விலையைப் பேசுங்கள்.

என்னிடம் ஒரு நீள விரிப்பு இருக்கிறது. சந்தையில் ஒரு பெட்டியின் அடியில் கசங்கிக் கிடந்தது. நான்கு மூலையிலும் பூங்கொத்து வர வேண்டும். மூன்று முடிந்திருக்கிறது, நான்காவது பாதியில் நிற்கிறது. தைக்க வேண்டிய வடிவத்தைக் காட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இறக்கிய நீலக் கோடுகள் அந்த மூலையில் அப்படியே தெரிகின்றன. ஊசியைச் சொருகி வைத்திருந்த இடத்தில் துருக்கறை ஒரு மெல்லிய கோடாக இருக்கிறது, ஊசி இல்லை. திருப்பிப் பார்த்தால் முதல் மூலையில் தடிமனான முடிச்சுகள், இலைக்கு இலை இழுத்துக் கட்டிய நூல், அதனால் துணியே சுருங்கியிருக்கிறது. இரண்டாவதில் முடிச்சுகள் குறைகின்றன. மூன்றாவதில் முடிச்சே இல்லை. வால்நூல் எல்லாம் தையலுக்கு அடியில் பதிந்து கிடக்கிறது, துணியும் சுருக்கமில்லாமல் படுத்திருக்கிறது. தைத்தவர் இந்த ஒரே துணியில் தைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்! நான்காவது மூலையைப் பார்த்தால் அவர் வேலை செய்த வரிசையும் புரிகிறது: முதலில் காம்புகள் எல்லாம், பிறகு இலை, கடைசியில்தான் இதழ். பார்க்கிறவர்கள் எல்லோரும் "முடித்துவிடுங்களேன்" என்கிறார்கள். முடிக்கப்போவதில்லை. பாதியில் நிற்கிற அந்த மூலைதான் எனக்குப் பாடம். இதழுக்கு முன் காம்பை முடிக்கும் வழக்கத்தை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இதே விரிப்பு வீடியோக்காரர்கள் கையில் கிடைத்திருந்தால் முடிந்த மூன்று மூலையும் சட்டைப் பையாகியிருக்கும், நான்காவது குப்பைக்குப் போயிருக்கும்.

"அதெல்லாம் சரி, சோதனை செய்கிறவர்களுக்குச் சுதந்திரம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் துணிக் கலையில் பெரிய சோதனைகளைச் செய்தவர்கள் யாரென்று பாருங்கள். ஜெர்மனியின் பௌஹௌஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் 1922இல் சேர்ந்த ஆனி ஆல்பர்ஸ் விரும்பிப் போய்த் தறியில் உட்காரவில்லை. பெண்களை நெசவுப் பட்டறைப் பக்கமே தள்ளிவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. அவர் அந்தத் தறியை முழுதாகக் கற்றார். 1930இல் ஓர் அரங்கத்தின் சுவருக்காக நெய்த துணியில் செல்லோபேன் என்ற பளபளப்பான மெல்லிய தாளைச் சேர்த்தார். ஒரு பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும், மறுபக்கம் எதிரொலியை உறிஞ்சும். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வேலை கொடுக்கத் துணியின் கட்டு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! அமெரிக்காவுக்குப் போன பிறகு, மெக்சிகோவில் பார்த்த பழங்கால நகைகளால் தூண்டப்பட்டு, தன் மாணவர் அலெக்ஸ் ரீடோடு சேர்ந்து தொட்டி வடிகாலில் போடும் சல்லடைத் தட்டையும் காகிதக் கிளிப்புகளையும் வைத்து ஒரு கழுத்தணி செய்தார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுதான் முதல் முறை.

மும்பையின் நெசவுக் கலைஞர் மோனிகா கோரியாவும் எனக்கு மிகவும் பிடித்தவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களை இடைவெளி மாறாமல் பிடித்து நிறுத்துவது அச்சு. அவர் நெய்துகொண்டிருக்கும்போதே அந்த அச்சைக் கழற்றிவிடுவார். பிடி விட்டுப்போன பாவு நூல்கள் தம் விருப்பத்துக்கு ஒதுங்கி, நெளிந்து, ஒன்றோடொன்று நெருங்கும். எந்த இடத்தில் கழற்றினால் துணி குலையாமல் நிற்கும் என்று தெரிந்த கைதான் அதைச் செய்ய முடியும். போலந்தின் மக்தலேனா அபகனோவிச் துறைமுகங்களில் கழித்துப் போட்ட கயிறுகளைச் சேகரித்து, பிரித்து, சாயமேற்றி, ஆளுயரத்தையும் மிஞ்சும் உருவங்களாக நெய்து கூரையிலிருந்து தொங்கவிட்டார். 1965இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவருக்குப் பெரும் பரிசு கிடைத்தது. நம் மிருணாளினி முகர்ஜி தறியும் இல்லாமல் சணல் வகைக் கயிற்றை வெறும் கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டே தெய்வ உருவங்கள் போன்ற சிற்பங்களை எழுப்பினார். இவர்கள் எல்லோரும் இழையை விரலில் உருட்டிப் பார்த்தவர்கள். அந்த இழையால் இன்னும் என்ன முடியும் என்ற கேள்வி அங்கிருந்துதான் அவர்களுக்கு வந்தது. அந்த ஜாக்கெட் வீடியோக்களில் நான் தேடுவதும் அந்தக் கேள்வியைத்தான். யாரோ செய்து முடித்த அழகை இடம் மாற்றி வைப்பதில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.

வெட்டுவது என்றால் அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் பெண்கள் வெட்டியதைப் போல வெட்ட வேண்டும். அந்தக் கறுப்பினப் பெண்கள் வயலில் உழைத்துத் தேய்ந்த துணிகளைக் கிழித்துப் போர்வை தைத்தார்கள். 1942இல் அவர்களில் ஒருவரான மிசௌரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். கணவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுப்பதற்கு. நைந்த இடமும் வெளுத்த இடமும் கறையும் அதில் அப்படியே இருக்கின்றன. அவற்றை மறைக்க அவர் முயலவில்லை, அவையே அந்தப் போர்வையின் வடிவம். 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்த ஊர்ப் போர்வைகள் சுவரில் தொங்கியபோதுதான் உலகம் அவற்றை நவீன ஓவியத்துக்குச் சமமாகப் பேசத் தொடங்கியது. அதற்கு முன்பும் அவை அதே தரத்தில்தான் இருந்தன.

என் வழக்கத்தைச் சொல்கிறேன், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். முழுசாக, பலமாக இருக்கிற கைவேலையை நான் வெட்டுவதில்லை. அதை விரிக்கலாம், போர்த்தலாம், தொங்கவிடலாம், கடன் கொடுக்கலாம். பூச்சி அரித்தது, கறை போகாதது, நடுவில் கிழிந்தது, ஏற்கெனவே யாரோ வெட்டியது, இவைதான் என் கத்தரிக்கு வரும். அவை தாராளமாகவே கிடைக்கின்றன, பஞ்சமே இல்லை. வெட்டும் முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்வேன். புதிதாகத் தைத்ததன் உள்ளே ஒரு பருத்தி நாடாவில் இது முன்பு என்னவாக இருந்தது, எந்தத் தையல், எந்த நூல் என்று எழுதித் தைத்துவிடுவேன். விற்றவர் சொன்னதை "விற்றவர் சொன்னது" என்றே எழுதுவேன், என் ஊகத்தை ஊகம் என்றே எழுதுவேன். செய்தவர் பெயர் கிடைப்பது மிக அபூர்வம். கிடைத்தால் அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதுவேன்.

பழைய துணி விற்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "விண்டேஜ், கையால் செய்தது" என்று இரண்டு வார்த்தையோடு முன்பக்கப் படத்தை மட்டும் போடாதீர்கள். பின்பக்கத்தையும் ஓரத்தையும் நெருக்கத்தில் எடுத்துப் போடுங்கள். கிழிசல் இருந்தால் அதையும் காட்டுங்கள், இழையோட்டித் தைத்த இடம் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள், அதற்காகவே வாங்குகிற என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் துணிகளின் பின்பக்கப் படங்களைக் கீழே கருத்தில் போட்டாலும் சரி, எனக்குத் தெரிந்த தையலாக இருந்தால் சொல்கிறேன், தெரியாததைத் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.