கேள்வி சோதிப்பதற்கு மட்டுமா?

“மிலுக்கன் தொருவைக் கீளத்தில் பொசித்தான்.”

இந்த வரியில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. நானே புனைந்தது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். பொசித்தது யார்? மிலுக்கன். எதை? தொருவை. எங்கே? கீளத்தில். மூன்றுக்கு மூன்று மதிப்பெண்!

பாடங்களின் இறுதியில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகையாகவே இருப்பது என் நெடுநாள் வருத்தம். கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியைப் பெயர்த்து எழுதினால் வேலை முடிந்தது. பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பதை அந்த விடை சொல்லவே சொல்லாது.

1970களின் இறுதியில் டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளை நேரில் கவனித்தார். 4,469 நிமிடங்களில், எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்றுக்கொடுத்த நேரம் 20 நிமிடம். கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை விடை சரியா என்று பார்ப்பதற்காகக் கேட்கப்பட்டவை. படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: “மழை நின்று வெகுநேரமாகியும் அவள் குடையை மடக்கவில்லை. எதிரே வந்தவர்களை நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள்.” மழை நின்றதா என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் பதில் சொல்லும். ஏன் மடக்கவில்லை என்று கேளுங்கள். அமைதி வரும். மறந்திருப்பாள் என்பான் ஒருவன். அழுதிருப்பாள், முகத்தை மறைக்கிறாள் என்பாள் ஒருத்தி. இரண்டில் எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. “எந்தச் சொல் உன்னை அப்படி நினைக்க வைத்தது?” என்று இருவரையும் கேளுங்கள். மறதி என்றவன் மீண்டும் வரிக்குப் போவான். “நிமிர்ந்து பார்க்காமல்” என்ற இடத்தில் அவன் கண் நிற்கும். முதல் முறை அவன் தாண்டிப் போன சொல் அது. இந்தத் திரும்பிப் போதலைத்தான் நான் வாசிப்பு என்பேன்.

அந்த அமைதியைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கியதும் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

யார், எங்கே, எப்போது என்ற கேள்விகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் யாரென்று தெரியாமல் அவள் மனம் புரியாது. அங்கேயே நின்றுவிடாதிருந்தால் போதும்.

இன்னொன்று. கேள்வி ஏன் எப்போதும் ஆசிரியரிடமிருந்தே வர வேண்டும்? எழுத்துக்கூட்டத் தடுமாறாத, ஆனால் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களை பாலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் முறைவைத்து ஆசிரியராக்கினார்கள். பத்தியைச் சுருக்குவது, கேள்வி எழுப்புவது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது எல்லாம் பிள்ளைகளின் பொறுப்பு. 1984இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களின் புரிதல் நன்றாகவே உயர்ந்தது. வியப்பில்லை, பத்தி புரியாமல் அதிலிருந்து நல்ல கேள்வி ஒன்றை எழுப்ப முடியாது.

என் கையில் இருந்தால், விடைத்தாளின் கடைசியில் ஓர் இடம் ஒதுக்குவேன்: “இதை எழுதியவரிடம் நீ என்ன கேட்பாய்?” அதற்கும் மதிப்பெண் உண்டு.