குழாயடிச் சண்டையாம்

இரண்டு நாளாக விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "அக்கா, நீங்க கமெண்ட்ல பொங்கினது இதுக்கா?" என்று கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். ஆமாம், இதற்குத்தான். இனி முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

வீடியோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று பேர் உட்கார்ந்து தமிழில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பேசுகிறார்கள். முதல் பாதி ஆண்கள் ஆட்டம். "அவர் அந்த ஷாட் எடுத்த விதம்", "கோச் அவரை நம்பினார்" என்று பத்தொன்பது வயசுப் பையனுக்குக் கூட அத்தனை மரியாதை. பேச்சு பெண்கள் ஆட்டத்துக்கு, ஏஞ்சல் ரீஸ், கேட்லின் கிளார்க் என்ற இரண்டு வீராங்கனைகள் பக்கம் திரும்பியதும் "அவ", "இவ", "அந்தப் பொண்ணு", "குட்டி". ரீஸின் ஒட்டு இமையைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம். கடைசியில் இருவரும் எதிரெதிரே ஆடிய 2023 பெண்கள் இறுதிப் போட்டியையே "குழாயடிச் சண்டை" என்று சொல்லி மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

கமெண்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அவனை "அவர்" என்று சொல்கிற வாய் இவளையும் "அவர்" என்று சொல்லட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தச் "சண்டை"யில் என்ன நடந்தது தெரியுமா? ரீஸின் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 102, கிளார்க்கின் அயோவா 85. பெண்கள் இறுதிப் போட்டியில் அதற்கு முன் எந்த அணியும் அத்தனை புள்ளி எடுத்ததில்லை. ரீஸ் அந்த ஒரு சீசனில் மட்டும் 34 டபுள்-டபுள் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் பத்துப் புள்ளி, பத்து ரீபவுண்ட், அதை 34 தடவை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் வரலாற்றில் ஒரு சீசனில் அதுதான் அதிகம். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது, என்றால் என்ன என்று அரங்கில் கிட்டே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கை விலாவில் இறங்கும். வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இமை இருந்தது.

"அவங்களே முகத்துக்கு நேரா கையாட்டி வம்பு பண்ணாங்களே, நாங்க சொன்னா மட்டும் தப்பா?" என்கிறார்கள். ரீஸ் கையாட்டினார். அதே சைகையை அதே தொடரில், லூயிவில் அணியோடு ஆடியபோது, கிளார்க்கும் செய்தார். அப்போது ரசித்தார்கள். ரீஸ் செய்ததும் பண்பில்லாதவர் என்று அமெரிக்காவிலேயே எத்தனை பேர் எழுதினார்கள்! கிளார்க் வெள்ளை, ரீஸ் கறுப்பு என்பதை மறந்துவிட்டுப் பேசினால் இந்தக் கதை புரியாது. ஆண்கள் செய்தால் அதற்குப் பெயர் வெறி, போராட்ட குணம். பெண்கள் செய்தால் குழாயடி.

அடுத்தது, "அவ"ன்னு சொல்றது பாசம்தான் என்கிற பதில். இதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. என் வீட்டில் நானும் அப்படித்தான் பேசுவேன். தங்கை மகளை "அவ" என்று சொல்லாமல் "அவர்" என்றா சொல்வேன்? ஆனால் பாசம் என்றால் இரண்டு பக்கமும் பாசமாக இருக்கட்டும். அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் மேல் ஏன் பாசம் வரவில்லை? மைக் முன்னால் உட்கார்ந்து ஒருத்தருக்கு "அவர்", ஒருத்தருக்கு "அவ" என்றால் அது பாசம் இல்லை, தரம் பிரிப்பது.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் தென் கரோலினாவில் கொலம்பியாவில் இருந்தபோது ஒரு குளிர்காலம் எங்களோடு வந்து தங்கினார். பொழுது போகட்டும் என்று கலோனியல் லைஃப் அரங்கத்துக்குப் பெண்கள் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனேன். கூடைப்பந்து விதி ஒன்றும் தெரியாது. காதில் மஃப்ளர், மடியில் கைப்பை. கால்மணி நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்த இருபத்திரண்டாம் நம்பர் அம்மாவை ஏன் எல்லாரும் இடிக்கறாங்க? அவங்களுக்கு வலிக்காதா?"

அவங்க. அந்த இருபத்திரண்டாம் நம்பர், தென் கரோலினா பல்கலைக்கழக அணியின் ஏஜா வில்சனுக்கு அப்போது இருபது வயசுதான். என் மாமியாருக்கு எழுபது தாண்டியிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உழைக்கிறவரைப் பார்த்ததும் மரியாதை தானாக வாயில் வந்தது. கோச் டான் ஸ்டேலியை "டீச்சரம்மா" என்பார். அப்புறம் வீட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆடுகிறவர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். அவருக்கு முடிந்தது, நிகழ்ச்சி நடத்துகிற மூன்று பேருக்கு முடியவில்லை.

"வெறும் வார்த்தைதானே" என்கிறவர்களுக்கு 2007-ஐ நினைவுபடுத்துகிறேன். ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பெண்கள் அணி அந்த சீசனின் முதல் ஆறு ஆட்டத்தில் நான்கில் தோற்றது. அங்கிருந்து எழுந்து இறுதிப் போட்டி வரை வந்தார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி டென்னசியிடம் தோற்றார்கள். மறுநாள் காலை டான் ஐமஸ் என்ற வானொலிக்காரர் அவர்களுடைய முடியையும் ஒழுக்கத்தையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எட்டு நாளில் வேலை போனது. ஆனால் இன்றைக்கும் அந்த அணி என்றால் அந்த வார்த்தைதான் பலருக்கு நினைவு வருகிறது. நான்கு தோல்வியிலிருந்து எழுந்து வந்த கதையை யார் பேசுகிறார்கள்? ஒரு வார்த்தை அந்தப் பத்துப் பேரின் சீசனையே விழுங்கிவிட்டது.

"யார் பார்க்கறாங்க, பார்க்கறவங்களுக்குத்தானே மதிப்பு" என்பவர்களுக்குச் சுருக்கமாக: 2024 பெண்கள் இறுதிப் போட்டியை அமெரிக்காவில் 1.8 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டி 1.5 கோடியைத் தொடவில்லை. ஆண்கள் ஆட்டம் எல்லா வீட்டிலும் வராத கேபிள் சேனலில் வந்தது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறமும் "யார் பார்க்கறாங்க" என்று கேட்க முடியாது.

பார்க்காத காலத்திலும் ஆடினார்களே, அதுதான் எனக்கு வலிக்கிறது. கொலம்பியாவிலிருந்து மிர்ட்டில் பீச் போகும்போதெல்லாம் ஃப்ளாரன்ஸ் வழியாகத்தான் போவோம். பெட்ரோல் போட்டு, காபி குடித்துக் கிளம்புவோம். அந்த ஊர் ஃப்ரான்சிஸ் மேரியன் கல்லூரியில் 1970-களில் பேர்ல் மூர் என்று ஒருவர் ஆடினார். கல்லூரி வாழ்க்கையில் அவர் எடுத்தது 4,061 புள்ளி. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடே இல்லாத காலம். 2024-இல் கிளார்க் சாதனை மேல் சாதனை படைத்து முடித்தபோது அவர் கணக்கு 3,951. என்சிஏஏ பெண்களுக்குப் போட்டித் தொடர் நடத்த ஆரம்பித்ததே 1982-இல் என்பதால் அதற்கு முன் ஆடியவர்கள் அதன் ஏட்டில் இல்லை. அத்தனை வருடம் அந்த ஊரைக் கடந்து போன எனக்கு, கிளார்க் செய்தியைப் படிக்கும்போதுதான் பேர்ல் மூர் பெயரே தெரிந்தது. வண்டியை ஒரு நாளாவது அந்தக் கல்லூரிப் பக்கம் திருப்பியிருப்பேனே!

2021 என்சிஏஏ தொடரில் பெண்கள் அணிகளுக்கு உடற்பயிற்சிக்கூடம் என்று ஒரே ஒரு டம்பெல் அடுக்கை வைத்தார்கள். ஆரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் அதைப் படமெடுத்துப் போட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆண்கள் தொடருக்கு இருந்த "மார்ச் மேட்னஸ்" என்ற பெயரைப் பெண்கள் தொடருக்கும் கொடுத்தது 2022-இல். தொடரில் ஜெயித்தால் பங்குப் பணம் என்பது ஆண்களுக்கு 1991-இலிருந்து, பெண்களுக்கு 2025-இல்தான். கூடம், பெயர், பணம் என ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வாங்கியவர்கள் இவர்கள். நம் மொழியில் ஒரு "அர்" விகுதிக்கும் கேட்டு நிற்க வேண்டுமா?

"உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று எழுதிய தம்பிக்கு: இருக்கிறது. ஆனால் அந்த வீடியோவை என் மகள் எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். பள்ளி அணியில் ஆடுகிறாள், விரலில் டேப்போடு தூங்குகிற பெண். "அம்மா, குழாயடிச் சண்டைன்னா என்ன?" என்று கேட்டாள். என்னால் விளக்க முடியவில்லை.

2021 ஜனவரியில் ஏஜா வில்சனுக்கு அந்த கலோனியல் லைஃப் அரங்கத்துக்கு வெளியே வெண்கலச் சிலை வைத்தார்கள். அன்று ஊருக்குப் போன் போட்டு மாமியாரிடம் சொன்னேன். வில்சனுடைய பாட்டி சின்ன வயசில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடக்கவே கூடாது, கறுப்பினத்தவர் என்பதால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், இன்று அதே இடத்தில் பேத்திக்குச் சிலை என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அவங்க பாட்டி பேரென்ன?"

"ஹாட்டி ரேக்ஸ்."

சரியாக வருகிறதா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.