கிளிமஞ்சாரோவின் கதை உச்சியில் இல்லை

கிளிமஞ்சாரோ உச்சியில் பலகைக்கு முன்னால் கொடி பிடித்து நிற்கும் படம் இப்போதெல்லாம் அடிக்கடி டைம்லைனில் வருகிறது. ஏறியவர்களுக்கு வாழ்த்துகள், 5,895 மீட்டர் சும்மா இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே ‘ஆப்பிரிக்காவின் கூரை’, ‘கனவு நனவானது’ என்பதைத் தாண்டி ஒரு வரி இருப்பதில்லை. அந்த மலையின் பெரிய கதை சரிவில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

தான்சானியாவின் வடக்கே, கென்ய எல்லையை ஒட்டி, சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்கிற மலை அது. உண்மையில் ஷிரா, மவென்சி, கிபோ என்று மூன்று எரிமலைகள். முதல் இரண்டும் அணைந்தேவிட்டன. கிபோ மட்டும் உறக்கத்தில் இருக்கிறது. அதன் வாய்க்குள் இன்னும் கந்தக ஆவி கசிகிறது. மவென்சி ஏன் பல்லுப் பல்லாக உடைந்து நிற்கிறது என்பதற்குச் சரிவில் வாழும் சாக்கா மக்களிடம் ஒரு கதை உண்டு. மவென்சி கிபோவிடம் நெருப்புக் கேட்டுப் போனானாம். கிபோ அப்போது உரலில் வாழைப்பழம் இடித்துக்கொண்டிருந்தான், கொஞ்சம் கொடுத்தான். ருசி கண்டவன் நெருப்பு அணைந்துவிட்டது என்று மறுபடி மறுபடி வந்து நிற்க, கடைசியில் உலக்கையாலேயே விழுந்தது அடி!

வாழை அங்கே கதையில் மட்டும் இல்லை. தெற்குச் சரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தோட்டம். மேலே நிழல் மரம், அடியில் வாழை, அதற்கும் கீழே காப்பி, தரையில் கிழங்கும் பீன்ஸும். மாடு கொட்டிலிலேயே நிற்கும், சாணம் வாழைக்குப் போகும். வாழைப்பழத்தோடு கேழ்வரகு சேர்த்து ‘ம்பெகே’ என்று ஒரு மதுவும் காய்ச்சுவார்கள். இதற்கெல்லாம் தண்ணீர்? ஆறுகள் ஓடுவது ஆழமான பள்ளங்களில். அதனால் மேலே காட்டுக்குள்ளேயே ஆற்றை மறித்து, முகடு முகடாகக் கிலோமீட்டர் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். பம்பு கிடையாது, சரிவுக் கணக்கு மட்டும்தான். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், கூடி நின்று தூர் வாரினார்கள். ஐரோப்பியர் அங்கே கால் வைப்பதற்கு முன்பே இதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. உச்சி ஏறியதைவிட இது பெரிய சாதனை என்றால் சண்டைக்கு வருவீர்களா? வாருங்கள்.

1848இல் யோகான்னஸ் ரெப்மான் என்ற பாதிரியார் அங்கே பனியைப் பார்த்ததாக எழுதினார். லண்டனில் நாற்காலியை விட்டு எழாத கூலி என்ற புவியியலாளர் ‘நிலநடுக்கோட்டுப் பக்கம் பனியா, வாய்ப்பே இல்லை’ என்று வருடக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஹான்ஸ் மேயர் என்ற ஜெர்மன் புவியியலாளர். இரண்டு முறை தோற்று, 1889 அக்டோபர் 6 அன்று ஆஸ்திரிய மலையேறி பர்ட்ஷெல்லருடன் உச்சியைத் தொட்டு, அதற்கு ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்மின் பெயரை வைத்தார். இந்தத் தடவை ஜெயித்ததற்குக் காரணம், மேல் முகாமுக்கு விடாமல் சாப்பாடு சுமந்துவந்த சுமைக்காரர்கள். குளிரில் அந்த முகாமைக் காத்தவர் முய்னி அமானி. அவர் பெயரைப் பலகைக்கு முன்னால் நிற்பவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அப்போது அந்தப் பகுதியை ஆண்ட அதே ஜெர்மானியர்கள் 1900இல் மலைச்சரிவிலுள்ள மோஷியின் சாக்கா தலைவர் மங்கி மெலியைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய தலையை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவர் வழிவந்தவர்களின் உறுதியான நம்பிக்கை. இன்றுவரை தேடுகிறார்கள். 1961இல் நாடு விடுதலை பெற்றபோது உச்சியில் தீபம் ஏற்றி, பேரரசர் பெயரை எடுத்துவிட்டு ‘உஹுரு’, அதாவது விடுதலை, என்று பெயர் வைத்தது சும்மா விழாவுக்காக அல்ல.

இப்போது எல்லோரும் பேசுவது பனி உருகுவதைப் பற்றி. சரிதான், 1912இல் இருந்ததில் மிகச் சிறு பங்குதான் மிச்சம். ஆனால் அந்த வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் பனி இல்லை, நடுச்சரிவில் மழையையும் மூடுபனியையும் பிடித்து வைக்கும் காடு. அந்தக் காட்டின் மேல் எல்லையைத் தீ தின்றுகொண்டிருக்கிறது. 2020 அக்டோபரில் பெரிய தீ, 2022 அக்டோபரில் மறுபடியும் தீ. பனிக்காக உருகிப் பதிவு போட்டவர்கள் அந்தத் தீயைப் பற்றி எழுதி நான் பார்க்கவில்லை.